டாக்டரம்மாவுக்குப் போன குரல்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கெல்லாம் அவள் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிடுவாள். ஜிப் போன சூட்கேஸ் நாலும் வார் அறுந்த பள்ளிக்கூடப் பை ஏழும் அவள் கைக்காகத் தவம் கிடந்தாலும் சரி, வாடிக்கைக்காரர் வாசலில் நின்று கெஞ்சினாலும் சரி, "திங்கக்கிழமை வாங்க" என்று சொல்லிக் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு மாடி வீட்டுக்கு ஏறிவிடுவாள். ஏழு மணிக்கு 'பனிக்கட்டியில் பதினொரு பேர்' வந்துவிடும். அதைப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். பார்த்தால் வயிறு எரியும். வயிறு எரிந்தாலும் பரவாயில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை ஒன்றும் பெரிதில்லை. வெளிநாட்டுத் தொடரைத் தமிழில் பேசவைத்துப் போடுகிறார்கள். பனிக்கடலில் ஒரு கப்பல் மாட்டிக்கொள்கிறது. நகரவும் மாட்டேன் என்கிறது, மூழ்கவும் மாட்டேன் என்கிறது. உள்ளே பதினொரு பேர். சாப்பாடு குறைந்துகொண்டே வரும், குளிர் ஏறிக்கொண்டே போகும், வாரத்துக்கு ஒருவர் செத்துப்போவார் அல்லது சாகப் பார்ப்பார். அந்த வெளிநாட்டுப் பெயர்கள் அவள் நாக்கில் நிற்கவில்லை. அதனால் ஆளாளுக்கு அவரவர் வேலையைப் பெயராக வைத்துவிட்டாள்.

கேப்டனை அவளுக்குப் பிடிக்காது. வாயைத் திறந்தால் பொய். "நாளைக்கு ஹெலிகாப்டர் வரும்" என்று வாரா வாரம் சொல்வான். எந்நேரமும் டைரி எழுதிக்கொண்டிருக்கும் வாத்தியாரைக் கண்டால் எரிச்சல். "கை விறைக்கிற குளிர்ல இவனுக்கு டைரி கேக்குது" என்பாள். மாவு மூட்டைக்குள் பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைத்திருக்கும் சமையல்காரர்தான் அவளுக்கு உயிர். மற்றவர்கள் அவரைத் திருடன் என்று திட்டியபோது இவள் டிவியைப் பார்த்து, "குடும்பம் நடத்தத் தெரிஞ்ச மனுஷன்யா அவரு" என்று சண்டைக்குப் போனாள்.

டாக்டரம்மா விஷயம் வேறு. அவளைப் பார்த்தாலே இவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும். மாசக்கணக்காகக் குளிக்காத கப்பலில் அவள் தலைமுடி மட்டும் எப்படி அலை அலையாக நிற்கிறது? எல்லாருக்கும் உதடு வெடித்து ரத்தம் வருகிறது, அவள் உதடு மட்டும் எப்படிப் பளபளவென்று இருக்கிறது? "செத்துத் தொலையேன்டி" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். அந்த வாரம் பார்த்து வாத்தியார் செத்துப்போனார்.

இதெல்லாம் பொறாமை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஆனால் நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். அந்த டாக்டரம்மாவைக் காதலிக்கிற இன்ஜின்காரன் இருக்கிறானே, அவனுக்குத் தமிழில் குரல் கொடுப்பது இவள் புருஷன்.

பன்னிரண்டு வருஷமாக அவன் குரல் கொடுக்கிறான். வாசலில் நிற்கிற போலீஸ்காரன், வில்லனின் மூன்றாவது அடியாள், ஒரு லுங்கி விளம்பரத்தில் "ஆஹா". இவ்வளவுதான் கிடைத்தது. ஒரு கம்பெனிக்கு லிஃப்ட்டில் பேசினான். "கதவு மூடுகிறது" என்று ஊரில் பாதிக் கட்டடங்களில் சொல்வது அவன்தான், யாருக்கும் தெரியாது. முதன்முதலாக ஒரு கதாநாயகன் கிடைத்தது இந்த இன்ஜின்காரன்தான். அது கிடைத்த நாள் அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்ததை அவளே பார்த்தாள். அவளுக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

அதற்கப்புறம்தான் வினை. தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம். வீட்டில் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டான். ஏற்கெனவே பேச்சுக்குப் பஞ்சமான ஆள், இப்போது சுத்தமாக ஊமை. சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு தட்டினால் சாப்பாடு, இரண்டு தட்டு தட்டினால் வெந்நீர். கையைத் தூக்கிக் காட்டினால் 'சத்தம் போடாதே'. கட்டை விரலை வாசல் பக்கம் காட்டினால் 'கிளம்புகிறேன்'. கல்யாணம் செய்துகொண்டு வந்தது மனுஷனையா, டிராஃபிக் போலீஸையா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒன்பதாவது வாரம் டாக்டரம்மாவுக்கு விரல் விறைத்துப்போகிறது. இன்ஜின்காரன் அவள் கைகளை எடுத்துத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு, "தூங்கிடாதே. என்கூடப் பேசிக்கிட்டே இரு. நீ பேசினா எனக்கு இந்தக் குளிரே தெரியாது" என்கிறான். கேட்கிறவர் கல்லாக இருந்தாலும் கரைந்துவிடுவார், அப்படி ஒரு குரல். சரியாக அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து டக், டக் என்று சத்தம். குரலுக்குச் சொந்தக்காரர் வெந்நீர் கேட்கிறார்.

தம்ளரைக் கொண்டுபோய் மேஜையில் டொக்கென்று வைத்தாள். அதில் பாதி அவன் சட்டையில் சிந்தியது. அவன் கேள்வியாகப் பார்த்தான். அவள் பதில் சொல்லவில்லை. பேசாதவனுக்கு எதற்குப் பதில்? அவன் தம்ளரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். தான் பேசியதைத் தானே கேட்க அவனுக்குக் கூச்சம், தொடர் முடிகிற வரை கீழே இறங்க மாட்டான்.

இந்த நெருப்புக்கு விசிறி வீச ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு அவள் நாத்தனார் இருந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. சனிக்கிழமை தவறாமல் வந்து சோபாவில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "எங்கண்ணன் எப்படி உருகுறான் பாருங்க அண்ணி. வீட்லயும் இப்படித்தானா?" என்பாள். பிறகு அவளே, "எங்க வீட்ல இருந்தப்போ இவன் 'உப்பு கொடு'ன்னுகூட வாயைத் திறந்து கேட்டதில்லை" என்று சிரிப்பாள். பத்தாவது வாரம் இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"அண்ணி, அந்த டாக்டரம்மாவுக்குப் பேசுற பொண்ணு யாரு? குரலே இவ்வளவு குழைவா இருக்கே. ரெண்டு பேரும் ஒரே மைக்லதான் பேசுவாங்களோ?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கேளுங்களேன். பக்கத்துல பக்கத்துல நின்னாத்தான இப்படி வரும்."

அவ்வளவுதான், அன்றிலிருந்து அவள் நிம்மதி போயிற்று. பை தைக்கும்போதும் அதே நினைப்பு. ஒரு சின்ன ரூம், ஒரு மைக், இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் குழைகிற ஒருத்தி. 'தூங்கிடாதே' என்று இவன் சொல்லும்போது அவளைப் பார்த்துத்தானே சொல்லியாக வேண்டும்? சுவரைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வார்களா? இந்த நினைப்பில் ஒரு சூட்கேஸுக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தவறு அவள் கையில் நடந்ததில்லை.

கேட்கவும் கேட்டாள். "டாக்டரம்மாவுக்குப் பேசுறது யாரு?" என்றாள். அன்றைக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவள் கடை ரசீதின் பின்பக்கத்தில் 'தொழில்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி நீட்டினான். அதைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டாள்.

பேசத் தெரியாதவன் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். பேசினவன்தானே? கல்யாணமான முதல் வருஷம் பஸ் வரிசையில் ஒரு தடியன் இடையில் புகுந்தான். அவன் முழங்கை உயரம்கூட இல்லாத இவள் அவனைக் கடைசிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தாள். பக்கத்தில் நின்ற புருஷன், "மிளகு சைஸ்ல இருந்துக்கிட்டு என்னா காரம்டி உனக்கு" என்றான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு மிளகு. கடைப்பக்கம் வந்தாலும் மிளகு, காய்ச்சலில் படுத்தாலும் மிளகு. அந்தப் பெயர் எப்போது நின்றது என்று அவளுக்கு ஞாபகமில்லை. சண்டை போட்டு நின்றிருந்தால் தேதியாவது தெரிந்திருக்கும். மிளகு 'இந்தா' ஆயிற்று, 'இந்தா' போய் மேஜையைத் தட்டுவது ஆயிற்று.

இப்படி வெந்துகொண்டே அவள் எல்லா வாரமும் பார்த்தாள். மூன்றாவது வாரம் இன்ஜின்காரன் காலில் இரும்புக் குழாய் விழுந்து அவன் முனகிக் கிடந்தபோது, அவன் காலை டாக்டரம்மா எங்கே தொடுகிறாள் என்பதில்தான் இவள் கண் இருந்தது. ஆறாவது வாரம் அவன் கெட்ட கனவு கண்டு பிதற்றினான். டாக்டரம்மா எத்தனை பொத்தான் போடாமல் ஓடி வந்தாள் என்பதை இவள் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று.

பன்னிரண்டாவது வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் குளியலறைக்குள் இருந்தான். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ரகசியக் குரலில் ஒத்திகை. "நீ இல்லாத கப்பல்ல நான் என்ன பண்ணுவேன். சொல்லு, நான் என்ன பண்ணுவேன்." திரும்பத் திரும்ப அதே வரி. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கூடுதலாக உருகியது. கதவுக்கு வெளியே நின்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கதவைத் தட்டினாள். தலை துவட்டிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அந்த வேஷத்தை விட்டுருங்க" என்றாள்.

"எதை?" கட்டைத் தொண்டையில் சத்தம் வந்தது.

"இன்ஜின்காரனை. எனக்குப் பிடிக்கல. இனிமே அவளுக்கு நீங்க பேச வேண்டாம்."

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். இல்லை என்று சொன்னால் துணிமணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்றுகூட இருந்தாள். அவன் வேறு எதையோ கேட்டான்.

"நீ வாரா வாரம் உக்காந்து கேக்குறேல்ல?"

"ஒரு வாரம் விட்டதில்ல."

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சொல்றியா?"

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சொல்றேன்" என்று அடித்துச் சொன்னாள்.

அவன் துண்டைக் கொடியில் போட்டான். "சரி" என்றான். போய் ஃபோனை எடுத்தான். தொண்டை சரியில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று அவன் யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. ஜெயித்துவிட்டாள். அந்த ஒரு வாரம் அவள் கையில் மெஷின் பறந்தது. ஏழு பையும் முடிந்தன, தலைகீழ் ஜிப்பும் நேராயிற்று. அவன் முகம் சரியில்லாததை அவள் பார்க்கத்தான் செய்தாள். தொண்டையில் கோளாறு என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். இன்ஜின்காரன் வாயைத் திறந்தான். அதே குரல். அவள் புருஷன் குரல். டாக்டரம்மாவிடம், "உன்னை விட்டுட்டு எங்க போவேன்" என்றது.

"எங்கண்ணன் குரல் இந்த வாரம் இன்னும் அருமையா இருக்குல்ல அண்ணி?" என்றாள் நாத்தனார்.

அப்படியானால் ஃபோனில் பேசியது நாடகமா? தொண்டை சரியில்லை என்றது யாரிடம்? அந்தக் குழைகிறவளிடமேயா? மொட்டை மாடிக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தாள்.

திங்கட்கிழமை அவன் கட்டை விரலை வாசல் பக்கம் காட்டிவிட்டுக் கிளம்பியதும், அரை மணி கழித்து இவளும் கிளம்பினாள். ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அவன் பேசப்போகும் ஸ்டூடியோ. கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்தது. அணைந்ததும் கதவு திறந்து, ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிய ஒருவர் எட்டிப் பார்த்தார். சவுண்ட்காரர். யார் வீட்டம்மா என்று சொன்னதும் தெரிந்துகொண்டு, "வாங்கம்மா, உள்ள பேசிட்டிருக்கார்" என்று நாற்காலி போட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கழிப்பறை அளவுக்கு ஒரு அறை. சுவரெல்லாம் பஞ்சு. நடுவில் ஒரு மைக், ஒரு ஸ்டூல், ஒரு காகிதத் தாங்கி. சத்தம் வரக்கூடாதென்று கழற்றி வைத்த அவன் கைக்கடிகாரம். வேறு ஈ காக்காய் இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, "நான்காம் தளம். கதவு திறக்கிறது. ஐந்தாம் தளம். கதவு திறக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மாவுக்குப் பேசுறவங்க எங்க?" என்றாள்.

"அவங்களா? அவங்க வேற ஊரும்மா. அங்கயே ஒரு ஸ்டூடியோவுல பேசி அனுப்பிடுவாங்க. நானே நேர்ல பாத்ததில்ல."

"அப்போ ரெண்டு பேரும் சேர்ந்து..."

"சேர்ந்து யாரும்மா பேசறா? ஆளாளுக்குத் தனித்தனியாத்தான். எதிர்ல மைக்தான் இருக்கும், அதைப் பாத்துத்தான் உருகணும்." அவர் சிரித்தார். "அதுலயும் சார் கெட்டிக்காரர். வசனம் பேப்பர்ல இருக்கும், யார் வேணா பேசலாம். மூச்சு, முனகல், பிதற்றல் இதெல்லாம் பேப்பர்ல இருக்காது. அவரவர் சொந்தச் சரக்கு. சார் முனகினா எனக்கே கண்ணு கலங்கும். என்னமோ தொண்டைன்னு விட்டுட்டார்."

"விட்டுட்டாரா? இந்த சனிக்கிழமைகூட அவர் குரல்தானே வந்துச்சு?"

"அது மூணு வாரத்துக்கு முன்னாடி பேசினது. எப்பவும் முன்கூட்டியேதான் எடுப்போம். வர்ற சனிக்கிழமையோட அவர் பேசினது தீர்ந்துடும்."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "தொண்டை இப்போ சரியாயிடுச்சு. திரும்ப அவரையே..."

"புது ஆள் நாலு வாரத்துக்குப் பேசிட்டார்மா. ரெண்டே நாள்ல ஆளைப் பிடிச்சு, கம்பெனிக்காரன் கேட்டுச் சரின்னுட்டான். இனிமே மாத்த மாட்டாங்க."

உள்ளே அவன் பதினோராம் தளத்துக்கு வந்திருந்தான். நான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று சவுண்ட்காரரிடம் கேட்டுக்கொண்டு அவள் படியிறங்கினாள். வழியெல்லாம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டிப் பறித்தாயே பாவி என்று திட்டினாள். ஆனாலும், மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், பொறாமை முழுசாகப் போகவில்லை. மைக்கைப் பார்த்து அப்படி உருகத் தெரிந்தவனுக்கு வீட்டில் இருக்கிறவளைப் பார்த்து ஏன் உருகத் தெரியவில்லை? அந்த மைக்கின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. அவன் வழக்கம்போல மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நாத்தனார் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் பனி பிளந்து இன்ஜின்காரன் தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறான். சமையல்காரர்தான் கயிறு போட்டு இழுக்கிறார், அவர் நன்றாக இருக்கட்டும். படுக்கையில் போட்டுப் போர்த்துகிறார்கள். காய்ச்சலில் அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தலைமுடி அலை அலையாக.

இவள் அவளைப் பார்க்கவில்லை. இனிமேல் இந்தக் குரல் கிடையாது, இருக்கிறதையாவது முழுசாகக் கேட்டுவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு இரைந்தது. பல் தந்தியடித்தது. முனகல் வந்தது, தேய்ந்தது, மறுபடி வந்தது. அதற்குள்ளே, உதட்டுக்கும் நாக்குக்கும் நடுவே பாதி அழிந்துபோய் ஒரு வார்த்தை இருந்தது.

மிளகு.

இன்னொரு தடவை வந்தது. "மிளகு... ம்ம்... மிளகு."

"என்னமோ பிதற்றுறான், ஒண்ணும் புரியல" என்றாள் நாத்தனார்.

கண்ணைத் திறந்தாள். திரையில் டாக்டரம்மா கண் கலங்கி, அவன் நெற்றியைத் தடவி, "இங்கதான் இருக்கேன்" என்றாள். பாவம், தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் கீழே இறங்கி வந்து சமையலறை மேஜையில் இரண்டு தட்டு தட்டினான். அவள் வெந்நீரைக் கொண்டுபோய் மெதுவாக வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

அவன் புருவத்தைத் தூக்கினான்.

"முனகினதுல. என் பேரு."

அவன் தம்ளரைத் தொடாமல், ஹாலில் இருந்த தங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஓய்வில் இருக்க வேண்டிய குரலை எடுத்துத் தணிவாகப் பேசினான். "வலிக்குதுன்னு நெனச்சா எனக்குச் சத்தமே வர மாட்டேங்குது. உன்னைக் கூப்பிடற மாதிரி நெனச்சாத்தான் வருது."

"இந்த வாரம் மட்டுமா?"

"கால்ல குழாய் விழுந்துச்சே, அதுலேர்ந்து. முனகுற இடம் எல்லாம்."

மூன்றாவது வாரம். ஆறாவது வாரம். அவள் எண்ணிக்கொண்டிருந்த பொத்தான்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? எதுக்குச் சரின்னீங்க?"

"வாரா வாரம் உக்காந்து கேக்குறியே, காதுல விழுந்திருக்கும்னு நெனச்சேன்" என்றான். "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சொல்றேன்னியே."

அவள் தம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் வெந்நீரை ஊதிக் குடிக்க ஆரம்பித்தான். திங்கட்கிழமை அவனுக்கு இன்னொரு கட்டடம் இருந்தது, முப்பது மாடி.

"அண்ணி, அடுத்த வாரக் கதை காட்டறாங்க, வாங்க" என்று ஹாலிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். டிவியில் யாரோ ஒருவன் கணீரென்ற குரலில், "நீ இல்லாத கப்பல்ல நான் என்ன பண்ணுவேன்" என்றான். "ஐயோ, இன்ஜின்காரன் குரலை மாத்திட்டாங்க அண்ணி. நல்லாவே இல்ல."

அவள் எழுந்து போகவில்லை.